ஜமாபந்தியும் ஜனங்களும்

வைகாசி பிறந்ததும் நம் தாலுகாக் கச்சேரிகளில் ஜமாபந்தி கூடுகிறது. பசலி ஆண்டு ஜூன் மாதத்தோடு முடிவதால், அதற்குமுன் ஊர்க் கணக்குகளையெல்லாம் சரிபார்த்து முடிக்கவேண்டும் என்பது விதி. முன்னாளில் கர்ணங்கள் கணக்குகளை மூட்டையாகக் கட்டி எடுத்துவருவர். அடங்கல், சிட்டா, ‘அ’ பதிவேடு என ஒவ்வொன்றும் புரட்டிப் பார்க்கப்படும். நிலம் அளக்கும் சங்கிலியையும் கொண்டுவரச் செய்து, அதன் நீளம் குறையாமல் இருக்கிறதா என்று அளந்து பார்ப்பார்கள். அளக்கும் கருவியையே அளந்து பார்க்கும் இவ்வழக்கம் நம் கருத்தைக் கவர்வதாகும்.

ஜமாபந்தி என்னும் சொல்லின் முற்பகுதி அரபு, பிற்பகுதி பாரசீகம். ‘ஜமா’ என்றால் ஒன்று திரட்டுதல். ஜமாஅத், ஜும்ஆ என்னும் சொற்களும் அதே அரபு வேரினின்று பிறந்தவையே. பசலி, வசூல், பாக்கி, ரசீது, ஜப்தி, தாசில்தார், ஜில்லா, தாலுகா என்று கணக்குத் தொடர்பாகத் தமிழில் வழங்கும் சொற்கள் பலவும் அவ்வழி வந்தவை. ‘தணிக்கை’ என்பதும் ‘தன்கீஹ்’ என்ற அரபுச் சொல்லின் திரிபே என்று அகராதியாளர் கூறுவர். வேண்டாதவற்றைக் களைந்து தூய்மை செய்தல் என்பது அதன் மூலப்பொருள்.

குடிமக்களிடமிருந்து வாங்கிய வரியை இத்துணைக் கவனத்தோடு எண்ணிப் பார்த்த அரசாங்கங்கள், குடிமக்களுக்கென்று செலவிட்ட பணத்தை அதே கவனத்தோடு எண்ணிப் பார்த்தனவா? சாலைக்கும் பாசனத்துக்கும், கலைக்கும் விளையாட்டுக்கும் ஒதுக்கப்பட்ட தொகை உரியவரைச் சென்று சேர்ந்ததா என்று யார் கேட்டார்கள்? யாரிடம் கேட்டார்கள்? சேலம், நாமக்கல் சமவெளியின் இருநூற்றாண்டு வரலாற்றைக் கொண்டே இக்கேள்விக்கு விடை காண முயல்வோம்.

கணக்குக் காட்டாதவனுக்குப் பதவி இல்லை

தமிழகத்திற்கு இக்கேள்வி புதியதன்று. உத்திரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள் குடவோலைத் தேர்தலின் விதிகளைக் கூறுகின்றன. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவரும், அவருடைய நெருங்கிய உறவினரும் மீண்டும் வாரியத்துக்குத் தேர்ந்தெடுக்கப்படும் தகுதியை இழப்பர் என்பது அவ்விதிகளுள் ஒன்று. அது அந்தணர் குடியிருந்த ஊர்ச் சபையின் விதி. எல்லா மக்களுக்கும் அச்சபையில் இடமிருந்ததாகக் கொள்ளுதல் தவறு. ஆயினும், பொதுப்பணத்தைக் கையாண்டவர் அதற்குக் கணக்குச் சொல்லவேண்டும், அதுவும் தம் ஊராருக்கே சொல்லவேண்டும் என்ற நெறி ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கல்லில் எழுதப்பட்டது என்பது உண்மை.

பின்னர் வந்த பேரரசுகளின் காலத்தில் கணக்கு ஊரைவிட்டு மேல்நோக்கிச் சென்றது. அதை நம் சேலம் சீமையில் தெளிவாகக் காணலாம்.

ரீடும் மன்றோவும்

1792ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் ஏற்பட்ட ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி, திப்பு சுல்தான் பாராமகாலையும் சேலத்தையும் ஆங்கிலக் கும்பினியாரிடம் விட்டுக்கொடுக்க நேர்ந்தது. அப்போது கவர்னர் ஜெனரலாக இருந்த காரன்வாலிஸ், நாட்டு மொழிகளை அறிந்தவர் என்ற காரணத்தால் இராணுவ அதிகாரியான காப்டன் அலெக்சாந்தர் ரீடை இப்பகுதியின் ஆட்சிக்கு நியமித்தார். தாமஸ் மன்றோ, மெக்ளியாட், கிரஹாம் ஆகிய மூவரும் அவருக்கு உதவியாளர்கள். மன்றோ தர்மபுரியில் தங்கிப் பணிபுரிந்தார். 1799 வரை நடைபெற்ற இவர்களுடைய பணியிலிருந்தே பிற்காலத்தில் சென்னை மாகாணமெங்கும் பரவிய ரயத்துவாரி முறை உருவாயிற்று. வயல்கள் அளக்கப்பட்டன. ஒவ்வோர் உழவனும் செலுத்தவேண்டிய தீர்வை தனித்தனியே எழுதப்பட்டது. இடையே நிரந்தர நிலவரித் திட்டம் வந்தது. நிலங்கள் மிட்டாக்களாகப் பிரிக்கப்பட்டு விற்கப்பட்டன. பல மிட்டாதாரர்கள் பணம் கட்ட இயலாமல் விழுந்தனர். அவர்களுடைய மிட்டாக்கள் மீண்டும் அரசாங்கத்தின் கைக்கு வந்து ரயத்துவாரியாயின.

கர்ணம் எழுதிய கணக்கைத் தாசில்தார் பார்த்தார். தாசில்தாரின் கணக்கைக் கலெக்டர் பார்த்தார். கலெக்டரின் கணக்கை சென்னையிலிருந்த ரெவின்யூ போர்டார் பார்த்தனர். அவர்களுடைய கணக்கு லண்டனுக்குக் கப்பலேறிச் சென்றது. படிதோறும் மேற்பார்வை இருந்தது. எனினும் எல்லாப் படிகளும் மேல்நோக்கியே இருந்தன. உழவனிடமிருந்து எவ்வளவு வந்தது என்பதற்குக் கணக்கு இருந்தது; எவ்வாறு வந்தது என்பதற்கு இல்லை. அதனால்தான், வரி வசூலின்போது மக்கள் சித்திரவதை செய்யப்பட்டனரா என்று விசாரிக்க அரசாங்கமே ஒரு குழுவை அமைக்கவேண்டிய நிலை ஏற்பட்டது. 1855ஆம் ஆண்டில் அக்குழு அளித்த அறிக்கை, சென்னை மாகாணத்தில் அக்கொடுமை நடந்தது உண்மையே என்று கூறிற்று. வசூலுக்குக் கணக்கிருந்தது, வசூலிக்கப்பட்டவனின் முதுகில் விழுந்த அடிக்குக் கணக்கில்லை.

சிக்கனம் கொன்ற கதை

1860இல் இந்தியாவுக்கென்று ஒரு தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் நியமிக்கப்பட்டார். முதன்முதலில் அப்பதவியை ஏற்றவர் சர் எட்வர்டு டிரம்மண்டு. வரவைப் போலவே செலவையும் முறையாகக் கண்காணிக்கும் காலம் தொடங்கிற்று. அக்கண்காணிப்பு எப்படிப்பட்டதாக இருந்தது என்பதைப் பதினாறு ஆண்டுகளுக்குப் பின் வந்த ஒரு பெரும்பஞ்சம் காட்டிவிட்டது.

1876இல் மழை பொய்த்தது. தாது வருஷப் பஞ்சம் என்று நம் முன்னோர் சொல்லிச் சொல்லி அழுத பஞ்சம் இதுவே. சென்னை அரசாங்கம் நிவாரணப் பணிகளைத் திறந்தது. இலட்சக்கணக்கானோர் ரோடு போடவும் மண் வெட்டவும் வந்தனர். செலவு பெருகுவதைக் கண்டு கல்கத்தாவிலிருந்த இந்திய அரசாங்கம் கலங்கியது. சர் ரிச்சர்டு டெம்பிள் என்பவரை 1877 ஜனவரியில் சென்னை மாகாணத்துக்கு அனுப்பிற்று. செலவைச் சுருக்குவதே அவருக்கு இடப்பட்ட பணி. வேலை செய்யும் ஓர் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியம் வாங்கும் கூலியும், அதன்மேல் சிறிது சில்லறையும் போதும் என்று அவர் முடிவு செய்தார். ஒரு பவுண்டு என்பது அரைக் கிலோவுக்கும் குறைவு. வெயிலில் நின்று மண் சுமப்பவனுக்கு இது போதாது என்று மாகாணத்தின் சுகாதாரக் கமிஷனர் டாக்டர் கார்னிஷ் வாதாடினார். பல மாதங்களுக்குப் பின்னரே கூலி உயர்த்தப்பட்டது.

சேலம் ஜில்லா அப்பஞ்சத்தில் மிகக் கடுமையாகத் தாக்குண்ட பகுதிகளுள் ஒன்று. 1871ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஜில்லாவின் மக்கள்தொகை சுமார் 19 லட்சத்து 67 ஆயிரம். 1881ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் சுமார் 16 லட்சம். பத்தாண்டில் பெருகியிருக்கவேண்டிய மக்கள்தொகை மூன்றரை லட்சத்துக்குமேல் குறைந்திருந்தது. மாண்டவரும் ஊரைவிட்டுப் போனவரும் அதில் அடங்குவர்.

இந்நிகழ்ச்சியை நாம் ஆழ்ந்து சிந்திக்கவேண்டும். டெம்பிள் இலஞ்சம் வாங்கியவரல்லர், பொதுப்பணத்தைத் திருடியவருமல்லர். தணிக்கை என்ற பெயரால் செய்யப்படும் வேலையை அவர் செவ்வனே செய்தார். ‘எவ்வளவு மிச்சம்?’ என்று கேட்டார். ‘யார் பிழைத்தார்?’ என்று கேட்கவில்லை. கணக்கு ஆள்பவருக்கு மட்டுமே சொல்லப்படுமாயின், அதில் கேட்கப்படும் கேள்வியும் ஆள்பவருடைய கேள்வியாகவே இருக்கும்.

சேலம் நகராட்சியும் குமாரமங்கலம் சுப்பராயனும்

உள்ளூர்ச் செலவை உள்ளூராரே கவனிக்கலாம் என்ற எண்ணம் மெல்ல மெல்ல வந்தது. சேலம் நகராட்சி 1866இல் அமைந்தது. 1882 மே மாதத்தில் ரிப்பன் பிரபு வெளியிட்ட தீர்மானம் ஸ்தல சுயாட்சிக்கு வழிகோலிற்று. 1884ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஜில்லா போர்டுகளும் தாலுகா போர்டுகளும் ஏற்பட்டன. சாலை, பள்ளிக்கூடம், மருத்துவமனை, சாவடி ஆகியவற்றின் செலவு இவற்றின் பொறுப்பாயிற்று. சேலம் நகராட்சியின் தலைவராக 1917 முதல் 1919 வரை இருந்தவர் ராஜாஜி. ‘லோக்கல் ஃபண்டு ஆடிட்’ என்று நம் ஊர்களில் இன்றும் பேச்சில் வழங்கும் உள்ளாட்சி நிதித் தணிக்கை, இத்தகைய சபைகளின் செலவைச் சரிபார்க்க ஏற்பட்டதே.

மாண்டேகு செம்ஸ்போர்டு சீர்திருத்தத்தை ஒட்டி, 1921 முதல் சட்டசபைகளில் பொதுக் கணக்குக் குழுக்கள் அமைந்தன. மக்கள் பிரதிநிதிகள் அரசாங்கச் செலவைக் கேள்வி கேட்கும் வாய்ப்பு முதன்முதலாகக் கிடைத்தது. எனினும் அக்குழுவுக்குத் தலைமை வகித்தவர் நிதி உறுப்பினரே. செலவிட்டவரே செலவை ஆராயும் சபைக்கும் தலைவர்! இரட்டையாட்சி முறையின் குறையும் இதனோடு சேர்ந்துகொண்டது. கல்வியும் சுகாதாரமும் உள்ளாட்சியும் மந்திரிகளிடம் இருந்தன. பணப்பெட்டியின் சாவி, சட்டசபைக்குப் பொறுப்பில்லாத நிர்வாக உறுப்பினரிடம் இருந்தது.

இந்த முறையில் 1926 முதல் 1930 வரை சென்னை மாகாணத்தின் முதன்மந்திரியாக இருந்தவர் இம்மண்ணைச் சேர்ந்தவர். திருச்செங்கோட்டை அடுத்த குமாரமங்கலத்தின் ஜமீன்தாரான டாக்டர் ப. சுப்பராயனே அவர். 1938 முதல் 1946 வரை இந்தியக் கிரிக்கெட் கட்டுப்பாட்டு வாரியத்தின் தலைவராகவும் அவர் விளங்கினார். ஆட்சியும் விளையாட்டும் ஒருவர் வாழ்க்கையிலேயே இணைந்திருந்தமைக்கு இது எடுத்துக்காட்டாகும்.

விடுதலைக்குப் பின் இந்த அமைப்பு வலுப்பெற்றது. அரசியலமைப்புச் சட்டத்தின் 148ஆம் பிரிவு தலைமைக் கணக்குத் தணிக்கையாளரை அரசாங்கத்தின் பிடியிலிருந்து விடுவித்தது. அரசியலமைப்பின்படி ஏற்படும் பதவிகளுள் ஒருவேளை மிக முக்கியமானது இதுவே என்று டாக்டர் அம்பேத்கர் 1949இல் அரசியல் நிர்ணய சபையில் கருத்துரைத்தார். நாடாளுமன்றப் பொதுக் கணக்குக் குழுவுக்கு எதிர்க்கட்சி உறுப்பினரைத் தலைவராக்கும் மரபு 1967இல் தொடங்கிற்று.

குடும்பத்தின் கணக்கு

இடையில், கணக்கைப் புதிய கண்கொண்டு பார்த்த ஒரு நிகழ்ச்சி இம்மாவட்டத்தில்தான் நடந்தது. 1937இல் ராஜாஜியின் தலைமையில் ஏற்பட்ட மந்திரிசபை, யாகூப் ஹசன் சேட் பொதுப்பணி மந்திரியாக இருந்த மந்திரிசபை, அவ்வாண்டு அக்டோபர் முதல் தேதி சேலம் ஜில்லாவில் மதுவிலக்கை அமுல் செய்தது. மாகாணத்திலேயே முதலில் மதுவிலக்குக் கண்ட ஜில்லா இதுவே. கள்ளுக்கடைகளாலும் சாராயக் கடைகளாலும் கிடைத்த வருமானத்தை அரசாங்கம் இழந்தது. ஈடுகட்டுவதற்காக 1939இல் விற்பனை வரி விதிக்கப்பட்டது. அவ்வரி அன்று கடுமையாக எதிர்க்கப்பட்டது. எதிர்த்தவர்களின் வாதத்திலும் நியாயம் இருந்திருக்கலாம். ஆயினும் கஜானாவில் எவ்வளவு சேர்ந்தது என்று மட்டும் கேட்டுவந்த ஓர் அரசாங்கம், உழைப்பாளியின் வீட்டில் எவ்வளவு தங்கியது என்று கேட்கத் துணிந்தது. டெம்பிள் சுருக்கிய கூலிக்கும் இதற்கும் இடையே அறுபது ஆண்டு இடைவெளி.

மேட்டூரும் கஞ்சமலையும்

பிரதேச வளர்ச்சிக்கென்று இப்பகுதியில் நடந்த செலவுகளுள் மிகப் பெரியன இரண்டைப் பார்ப்போம். 1925இல் தொடங்கி 1934இல் முடிந்த மேட்டூர் அணைக்கு ஆன செலவு சுமார் 4 கோடியே 80 லட்சம் ரூபாய். கொள்ளளவு 93 ஆயிரம் மில்லியன் கன அடிக்குமேல். கட்டுமானக் கணக்கில் கல்லும் சுண்ணாம்பும் சிமெண்டும் கூலியும் எழுதப்பட்டன. அணையால் பெரும்பயன் பெற்றது தஞ்சைத் தரணி. ஊர்களை நீரில் இழந்தது சேலம் சீமை. நீர்மட்டம் வெகுவாகத் தாழும் ஆண்டுகளில், மூழ்கிப்போன கோயிலின் நந்தியும் தேவாலயத்தின் கோபுரமும் இன்றும் தலைகாட்டுகின்றன. அணை கட்டி இருபது ஆண்டுகளுக்குப் பின்னரே, 1955இல், கிழக்குக்கரை மேற்குக்கரைக் கால்வாய்கள் வழியாக இன்றைய சேலம், நாமக்கல், ஈரோடு மாவட்டங்களின் 45,000 ஏக்கருக்குத் தண்ணீர் கிடைக்கலாயிற்று.

மற்றொன்று சேலம் உருக்காலை. கஞ்சமலையின் இரும்புத் தாதுவைக் கொண்டு முழுமையான உருக்காலை வேண்டுமென்று தமிழகம் பல்லாண்டு போராடிற்று. 1967 ஜூலையில் அதற்காக ‘எழுச்சி நாள்’ கொண்டாடப்பட்டது. 1970 செப்டம்பர் 16ஆம் தேதி பிரதமர் இந்திரா காந்தி அடிக்கல் நாட்டினார். உழவர்களின் நிலங்கள் ஆயிரக்கணக்கான ஏக்கர் அளவில் எடுத்துக்கொள்ளப்பட்டன. ஆயினும் 1981இல் இயங்கத் தொடங்கியது, வெளியிலிருந்து வந்த எஃகைத் தகடாக உருட்டும் ஆலையே. எஃகை உருக்கும் பகுதி 2010ஆம் ஆண்டளவில்தான் சேர்ந்தது. அதிலும் கஞ்சமலைத் தாது பயன்படவில்லை. கட்டப்பட்டதற்குச் செலவுக் கணக்கு உண்டு. சொல்லப்பட்டதற்கும் கட்டப்பட்டதற்கும் உள்ள தூரத்தை அளக்க எந்தக் கணக்கிலும் பத்தி இல்லை.

கலைக்கு எழுதப்பட்ட செலவு

நாமக்கல்லை அடுத்த மோகனூரில் பிறந்த இராமலிங்கம் பிள்ளையை 1949இல் சென்னை அரசாங்கம் ஆஸ்தானக் கவிஞராக்கியது. கலையைப் போற்றுவது அரசாங்கத்தின் கடமைகளுள் ஒன்று என்பதை அச்செயல் நாட்டுக்கு அறிவித்தது. 1955இல் ஏற்பட்ட சங்கீத நாடகச் சங்கம், பின்னாளில் இயல் இசை நாடக மன்றமாக வளர்ந்தது. கலைமாமணி விருதும் நலிந்த கலைஞர்களுக்கு உதவித்தொகையும் அதன் வழியே வந்தன.

இவையெல்லாம் வரவுசெலவுத் திட்டத்தில் எழுதப்படும் செலவுகள். எழுதப்படாத செலவு ஒன்றும் உண்டு. சேலம் ஏற்காடு சாலையில் டி.ஆர். சுந்தரம் நிறுவிய மாடர்ன் தியேட்டர்ஸ், முதல் மலையாளப் பேசும்படமான ‘பாலன்’ படத்தை 1938இலும், முதல் தமிழ் வண்ணப்படமான ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ படத்தை 1956இலும் தந்தது. கண்ணதாசனும் கலைஞர் கருணாநிதியும் அங்கே பணிபுரிந்தவர்கள். திரையரங்கில் விற்ற ஒவ்வொரு டிக்கெட்டிலும் கேளிக்கை வரி இருந்தது. 1939ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் வசூலான அவ்வரியின் பெரும்பகுதி உள்ளாட்சி மன்றங்களுக்கு உரியது. படம் பார்த்தவரின் காசு அவ்வூர்த் தெருவிளக்காகவும் குடிநீர்க் குழாயாகவும் மாறிற்று.

2006இல் தமிழில் பெயர் சூட்டப்பட்ட படங்களுக்குக் கேளிக்கை வரியிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டது. 2011இல் நிபந்தனைகள் கடுமையாக்கப்பட்டன. படங்களைப் பார்த்துப் பரிந்துரை செய்யக் குழு ஏற்பட்டது. தமிழ்ப் பெயருக்கு ஊக்கம் தரும் நோக்கத்தை நாம் குறைகூறவில்லை. வாங்கவேண்டிய வரியை வாங்காமல் விடுவதும் ஒரு செலவே என்பதைத்தான் குறிக்கிறோம். அச்செலவு மாநிலம் செய்த முடிவு. குறைந்தது ஊராரின் வருமானம். அதனால் டிக்கெட்டின் விலை குறைந்ததா, கலைஞனுக்குப் பங்கு கிடைத்ததா, இடையிலிருந்தவருக்கே போய்ச் சேர்ந்ததா என்பது சேலத்துத் தெருக்கூத்துக் கலைஞரும் பொம்மலாட்டக்காரரும் கேட்கத்தக்க கேள்வி. 2017 ஜூலையில் சரக்கு சேவை வரி வந்தபோது அப்பழைய முறை முடிந்துபோயிற்று.

ஆடுகளம்

விளையாட்டுக்கென்று தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் 1992இல் ஏற்பட்டது. சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டியைச் சேர்ந்த மாரியப்பன் தங்கவேலு 2016இல் ரியோ பாராலிம்பிக்ஸில் உயரம் தாண்டுதலில் தங்கம் வென்றார். தாய் காய்கறி விற்று வளர்த்த மகன் அவர். தமிழக அரசு 2 கோடி ரூபாய் பரிசளித்தது. பின்னர் டோக்கியோவில் வெள்ளியும் பாரீசில் வெண்கலமும் பெற்றார். சின்னப்பம்பட்டியிலிருந்து இந்திய அணிவரை சென்ற பந்துவீச்சாளர் நடராஜன், 2023இல் தம் ஊரில் ஒரு கிரிக்கெட் மைதானத்தைத் தம் முயற்சியாலேயே திறந்தார். வென்றவருக்குப் பரிசு தருவது முறையே. வெல்வதற்கு முன் ஓடிப் பழக இடம் இருந்ததா என்பதே கணக்குக் கேட்பவர் கேட்கவேண்டியது.

அவ்விடத்தைத் தரும் நோக்கத்தோடு 2006இல் அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டம் வந்தது. ஊராட்சி ஒன்றுக்கு 20 லட்சம் ரூபாய். ஐந்தாண்டில் தமிழகத்தின் 12,618 ஊராட்சிகளிலும் நூலகம், விளையாட்டுத் திடல் முதலியவை அமைக்கவேண்டும் என்பது ஏற்பாடு. வளர்ச்சி, கலை, விளையாட்டு ஆகிய மூன்றும் ஒரே திட்டத்தில் சேர்ந்தன. வேலை முடிந்ததும் எம்.புக் எனப்படும் அளவுப் புத்தகத்தில் பொறியாளர் அளவெழுதுவார், மேலதிகாரி சரிபார்ப்பார், பில் பட்டுவாடாவாகும். தணிக்கையாளர் வந்தால் எல்லாம் ஒழுங்காயிருக்கும். சில ஆண்டுகளுக்குப் பின் பூட்டிக் கிடந்த நூலகங்களைப் பற்றியும் புதர் மண்டிய திடல்களைப் பற்றியும் நாளேடுகளில் செய்திகள் வந்தன. சுவரின் நீளமும் அகலமும் அளவுப் புத்தகத்தில் உண்டு. அச்சுவருக்குள் எத்தனை பிள்ளைகள் அமர்ந்து படித்தனர் என்பதை அளக்கும் சங்கிலி அரசாங்கத்திடம் இல்லை. அது ஊராரிடம்தான் இருக்கிறது.

நாடாளுமன்ற உறுப்பினர் தொகுதி வளர்ச்சி நிதியும் இத்தகையதே. 1993இல் தொடங்கிய இத்திட்டத்தில், 2011 முதல் உறுப்பினர் ஒருவருக்கு ஆண்டுக்கு 5 கோடி ரூபாய். உறுப்பினர் பரிந்துரைப்பார், கலெக்டர் நிறைவேற்றுவார். இது செல்லும் என்று உச்சநீதிமன்றம் 2010இல் தீர்ப்பளித்தது. கட்டிய சமுதாயக்கூடத்தின் முகப்பில் பெயர் பொறிக்கப்படுகிறது. அதன் உள்ளே நடப்பதை அவ்வூரார் மட்டுமே அறிவர்.

சபையில் படிக்கப்பட்ட கணக்கு

கணக்கை மீண்டும் ஊராரிடம் கொண்டுவந்த முயற்சி வடக்கே, ராஜஸ்தானில் தொடங்கிற்று. 1994 டிசம்பரில் கோட்கிரானா என்ற சிற்றூரில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற அமைப்பு மக்களைக் கூட்டி, அரசாங்க வேலைகளின் கூலிப் பட்டியலை உரக்கப் படித்துக் காட்டியது. அதுபோன்ற கூட்டங்களில் இறந்தவர் பெயரில் கூலி எழுதப்பட்டிருந்ததும், கட்டாத சுவருக்குப் பில் போடப்பட்டிருந்ததும் வெளிப்பட்டன. அதிகாரி பல நாள் அலசினாலும் காணமுடியாததை, பக்கத்து வீட்டுக்காரர் ஒரு நொடியில் கண்டு சொன்னார். அந்த இயக்கத்தின் விளைவே 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம். அவ்வாண்டே இயற்றப்பட்ட ஊரக வேலை உறுதிச் சட்டம், சமூகத் தணிக்கையை முதன்முதலாகச் சட்டத்தில் சேர்த்தது.

தமிழகத்தில் 1994ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டம் கிராம சபைக்கு இடமளித்தது. குடியரசு நாள், மே தினம், சுதந்திர நாள், காந்தி பிறந்த நாள் ஆகிய நாட்களில் கூடிவந்த சபைக்கு, பின்னர் உலகத் தண்ணீர் நாளும் உள்ளாட்சி நாளும் சேர்ந்தன. ஊராட்சியின் வரவுசெலவு அச்சபையின்முன் வைக்கப்படவேண்டும். வாக்காளர் பட்டியலில் பெயருள்ள எவரும் எழுந்து கேட்கலாம். உத்திரமேரூர்ச் சபையில் இடம் மறுக்கப்பட்ட உழவனுக்கும் தொழிலாளிக்கும் பெண்ணுக்கும் இச்சபையில் இடமுண்டு.

உரிமை ஏட்டில் இருந்தால் போதுமா? 2016 அக்டோபரில் நடக்கவேண்டிய உள்ளாட்சித் தேர்தல் தடைப்பட்டு, சேலம், நாமக்கல் உள்ளிட்ட மாவட்டங்களின் ஊரகப் பகுதிகளில் 2019 டிசம்பரில்தான் நடந்தது. மூன்றாண்டுகள் தனி அலுவலர்களே ஊராட்சிகளை நடத்தினர். 2025 ஜனவரியில் பதவிக்காலம் முடிந்தபோது மீண்டும் அவ்வாறே நேர்ந்தது. கணக்குச் சொல்லவேண்டியவர் ஊருக்குப் பொறுப்பில்லாதவராக இருக்கும்போது, கணக்கு மறுபடியும் மேல்நோக்கியே நடக்கத் தொடங்கிவிடுகிறது. ரீடின் காலத்துப் படிக்கட்டு அப்படியே நிற்கிறது, ஏறுபவர்தாம் மாறினர்.

நம் சமுதாயத்துக்குக் கணக்குக் கேட்கும் பழக்கம் புதிதன்று. வக்ஃபுகளின் முத்தவல்லிகள் ஆண்டுதோறும் தணிக்கை செய்த கணக்கை ஜில்லா நீதிமன்றத்தில் சமர்ப்பிக்கவேண்டும் என்று 1923ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்தது. பல ஊர்களில் ஜமாஅத்தார் கூடி மஹல்லாவின் வரவுசெலவைப் படிக்கக் கேட்கும் வழக்கம் இருந்துவருகிறது. பாய் வாங்கியதற்கும் பந்தல் போட்டதற்கும் எழுதிய தொகையை எழுந்து நின்று வினவும் பெரியவர்கள் ஒவ்வொரு மஹல்லாவிலும் உண்டு. அப்பெரியவர்களுள் எத்தனை பேர் கிராம சபைக்குச் சென்றிருக்கிறார்கள்? பள்ளிவாசலின் உண்டியலில் போட்ட காசு நம்முடையது என்று நினைக்கும் நாம், கடையில் சீயக்காய் வாங்கும்போது செலுத்தும் வரியும் நம்முடையதுதான் என்பதை மறந்துவிடலாமா?

ஆகவே, அடுத்த கிராம சபை கூடும் நாளை அறிந்துகொண்டு குடும்பத்தோடு செல்லுங்கள். ஜமாஅத் கூட்டத்தில் பேச வாய்ப்பில்லாத நம் பெண்மக்களுக்கும் அங்கே சமமான இடமுண்டு. அவர்களையும் அழைத்துச் செல்லுங்கள். நகரத்தில் வாழ்வோர் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் பத்து ரூபாய்க் கட்டணத்தில் ஒரு மனு எழுதலாம். நூலகம் திறந்திருக்கும் நேரம் எது, திடலைப் பராமரிக்க ஒதுக்கிய தொகை எவ்வளவு, நலிந்த கலைஞருக்கான உதவி நம் ஊரில் யாருக்குக் கிடைக்கிறது என்று மூன்றே கேள்விகள் கேட்டாலும் போதும். கேட்டதற்குக் கிடைத்த விடையை எழுதி வைத்துக்கொண்டு, அதற்கடுத்த சபையிலும் அதே கேள்வியைக் கேளுங்கள்.